மணி அடிக்காத முப்பத்தெட்டு நாள்

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மேல்மாடி டீச்சர். எங்கள் தெருவில் ஸ்டியரிங் பிடிக்கிற பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் எடுத்தோம். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருபத்தாறு வருடம் கற்றுக்கொடுப்பவர் சீட்டில் உட்கார்ந்தவர் அவர். கோபம் வந்தால்தான் அவருக்குப் பேச்சு களைகட்டும். "கிளட்ச மிதின்னா எறும்ப மிதிக்கிற மாதிரி மிதிக்கிறியே" என்று முதல் நாளே என்னிடம் சொன்னார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒருமுறை கேட்டதற்கு, வந்தவன் எல்லாம் ரிவர்ஸ் கியரிலேயே நின்றான் என்றார்.

அவருடன் இருந்தது தம்பி ஒருவர்தான். ஏழு வயது இளையவர், லிஃப்ட் மெக்கானிக். கட்டடத்தில் எல்லோரும் அவரை லிஃப்ட்காரர் என்றே கூப்பிடுவோம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. அக்கா கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போய் அவரைப் படிக்க வைத்தார். தம்பி செய்துகொண்ட கல்யாணம் இரண்டு வருடத்தில் முறிந்தது. பெட்டியோடு வந்து நின்ற தம்பியிடம் டீச்சர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அவருடைய பழைய அறையைப் பெருக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அக்கா பேசுவார், தம்பி தலையாட்டுவார். கீழே எங்கள் வீட்டுக்கு டீச்சரின் குரல் மட்டும்தான் கேட்கும்.

பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஒரு நாள் காலையில் அந்தப் பிரேக்கில் டீச்சரின் கால் பதியவில்லை. கார் ஒரு சுவரில் லேசாக இடித்து நின்றது. ஓட்டிய பெண் அழுதாள். டீச்சர் அவளைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காரிலேயே உட்கார்ந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். தசைகளை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகிற நோய் என்று மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது. புத்தி தெளிவாக இருக்கும், காது கேட்கும், கண் தெரியும், மற்றதெல்லாம் போகும் என்று டாக்டர் விளக்கினார். எவ்வளவு காலம் என்று டீச்சரே நேராகக் கேட்டார். இரண்டு வருடம், மூன்றும் ஆகலாம் என்றார் அவர்.

முதலில் இரண்டு கால்களும் போயின. பிறகு இடது கை. ஒன்றரை வருடத்தில் பேச்சு குழறி, குழறி, நின்றேவிட்டது. அந்தக் குரல் இல்லாமல் எங்கள் கட்டடமே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் வந்தார். அவர்தான் அட்டையில் எழுத்துகளை வரிசை வரிசையாக எழுதி, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார். வேண்டிய எழுத்து வந்ததும் டீச்சர் கண்ணை மூடித் திறப்பார். ஒரு வாக்கியம் சேர ஐந்து நிமிடம் ஆகும். அதிலும் வசவுதான் அதிகம் வரும் என்று நர்ஸ் சிரிப்பார்.

அசையாமல் படுத்திருப்பவருக்கு முதுகில் புண் வரும். அதைத் தடுக்கக் காற்று மெத்தை உண்டு. இடமும் வலமுமாக இரண்டு வரிசைக் காற்றுப் பைகள், ஒரு வரிசை உப்பும்போது மற்றது தணியும். கடையில் வாங்கிய மெத்தையின் இயந்திரம் நாலாவது மாதத்தில் பழுதாகி, மாற்று வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். லிஃப்ட்காரர் அதுவரை காத்திருக்கத் தயாராக இல்லை. பள்ளிப் பிள்ளைகள் விளக்கு மினுக்கிப் பழகுகிற, உள்ளங்கையில் அடங்கும் குட்டி போர்டு ஒன்றை வாங்கினார். ஒரு காற்றுப் பம்ப், இரண்டு வால்வு, கொஞ்சம் வயர். லேப்டாப்பைத் திறந்துவைத்து, இணையத்தில் பார்த்துப் பார்த்துப் புரோகிராம் எழுதினார். பம்ப் நாலு நிமிடம் ஓடும், ஆறு நிமிடம் ஓய்வு, அடுத்த வரிசைக்கு மறுபடி நாலு நிமிடம். இரைச்சல் அக்காவுக்குத் தொந்தரவு என்று பம்பையும் போர்டையும் பால்கனியில் ஒரு பெட்டிக்குள் வைத்துக் குழாயை மட்டும் உள்ளே விட்டார். மெத்தை உப்பித் தணிந்ததைப் பார்த்து டீச்சர் அட்டையில் சொன்னது: பாஸ்.

அப்போது டீச்சரின் உடம்பில் சொன்னபடி கேட்டது வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான். அதுவும் ஒரு கணம் கீழே போகும், உடனே சோர்ந்து மேலே வந்துவிடும். அந்த விரலுக்கென்று இறகு மாதிரி மெல்லிய ஒரு ஸ்விட்சைத் தேடி வாங்கினார் தம்பி. தொட்டால் போதும், சமையலறையிலும் அவர் அறையிலும் மணி அடிக்கும். அதையும் அதே போர்டில் இணைத்தார். அன்று சாயங்காலம் டீச்சர் மணியை இருபது தடவையாவது அடித்திருப்பார். கீழே எனக்கே கேட்டது. ஊமையாகிப்போன வீட்டில் மறுபடியும் டீச்சர் கத்துகிற மாதிரி இருந்தது.

கொஞ்ச நாளில் நர்ஸ் ஒரு புகார் சொன்னார். டீச்சர் ஸ்விட்சை அழுத்துகிறார், சில நேரம் மணி அடிக்கவில்லை. லிஃப்ட்காரர் வேலை முடிந்து வந்த கையோடு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். வயர்களை இழுத்துப் பார்த்தார், இணைப்புகளைச் சுரண்டி மறுபடி இறுக்கினார். பிறகு தன் விரலால் அழுத்தினார். அடித்தது. மூன்று முறை அழுத்தினார், மூன்று முறையும் அடித்தது. வாசலுக்குப் போய், குரலைத் தணித்து நர்ஸிடம் சொன்னார்:

"ஸ்விட்ச் நல்லாத்தான் இருக்கு. அக்காவோட விரல்தான் முன்ன மாதிரி இல்ல போல."

பக்கத்துத் தெருவில் யாராவது கியரைத் தப்பாக மாற்றினால்கூடத் தெரிந்துகொள்கிற காது டீச்சருக்கு. வாசல் ஆறடி தூரத்தில் இருந்தது.

மறுநாள் டீச்சர் நர்ஸிடம் தன் விரலைப் பார்க்கச் சொன்னார். லேசாக அசைகிறது என்றார் நர்ஸ். டீச்சர் அழுத்திப் பார்த்தார், அடிக்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினார், அடிக்கவில்லை. அரை மணி கழித்து அடித்தது. சாயங்காலம் மறுபடி இல்லை. விரல் போகிற பாதையில் இருக்கிறது என்று டீச்சர் முடிவு கட்டிக்கொண்டார். காலும் கையும் இப்படித்தான் போயிருந்தன, ஒரு நாள் உண்டு, மறுநாள் இல்லை என்று விளையாட்டுக் காட்டி. அன்றிலிருந்து அவர் ஸ்விட்சைத் தொடுவதை விட்டுவிட்டார். தம்பியிடம் சொல்லக் கூடாது என்று அட்டையில் நர்ஸுக்குக் கட்டளையும் போட்டார். கால் மணிக்கு ஒரு தடவை நர்ஸ் எட்டிப் பார்த்தார். மற்ற நேரமெல்லாம் தம்பி பார்த்துக்கொண்டார். தாகமோ, மூக்கில் அரிப்போ, போர்வை கழுத்தை இறுக்கியதோ, யாராவது வருகிற வரைக்கும் டீச்சர் பொறுத்துக்கொண்டார்.

லிஃப்ட்காரர் என்ன நினைத்தார் என்றால், அக்காவுக்கு இப்போது தொந்தரவு குறைந்திருக்கிறது. படிக்கட்டில் பார்த்தபோது என்னிடமே சொன்னார். "இப்பல்லாம் மணியே அடிக்கறதில்லம்மா. மெத்தை ஒத்துக்கிடுச்சு போல. நிம்மதியா இருக்கா." எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

பிறகு அவர் போர்டின் தலையில் இன்னும் இரண்டு வேலைகளைக் கட்டினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அக்காவைத் திருப்பிப் படுக்கவைக்க நினைவூட்டும் விளக்கு ஒன்று, மருந்து நேரத்துக்கு வேறு ஒலியில் ஒரு மணி. எல்லாம் சேர்ந்ததும் போர்டுக்குப் பைத்தியம் பிடித்தது. விளக்கு எரிகிற நேரத்தில் மருந்து மணி தாமதமானது, மருந்து மணி அடித்து முடிகிற வரை பம்ப் காத்துக் கிடந்தது. மெத்தையின் ஒரு பக்கம் அரை மணி நேரம் தணியாமலே இருந்து, டீச்சரின் இடுப்பில் சிவப்பாக ஒரு தடம் விழுந்தது. அதைப் பார்த்ததும் தம்பிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவருடைய கம்பெனியில் லிஃப்டின் கன்ட்ரோல் பேனல்களுக்குப் பொறுப்பாக ஒரு இன்ஜினியர் அம்மா இருந்தார். மறுநாள் மதிய இடைவேளையில் லேப்டாப்பை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் சாப்பிட்டுக்கொண்டே படித்தார். பாதியில் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார்.

"பம்ப ஓட விட்டுட்டு 'டிலே' போட்டிருக்கீங்க. நாலு நிமிஷம் சும்மா இருன்னு அர்த்தம். ஓய்வு நேரத்துல மட்டும்தான் ஸ்விட்சப் பாக்குது. அந்த நாலு நிமிஷமும் போர்டு எதையுமே பாக்காதே, தெரியுமா?"

பம்ப்தானே ஓடுகிறது, போர்டு சும்மாதானே இருக்கிறது என்று இவர் சொல்லியிருக்கிறார்.

"சும்மா இல்ல. நின்ன இடத்துலயே நிக்குது. ஒண்ணு கேக்கறேன். லிஃப்ட் மேல போய்க்கிட்டிருக்கு. அப்போ அஞ்சாவது மாடியில ஒருத்தர் பட்டன அழுத்தறார். என்ன ஆகும்?"

"பதிவாகும்."

"உங்க போர்டுல?"

இருபத்திரண்டு வருடமாக லிஃப்டோடு குடும்பம் நடத்துகிற மனிதர் அவர். எத்தனை மாடியில் எத்தனை பேர் அழுத்தினாலும், ஓடிக்கொண்டே எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிற யந்திரங்களுக்கு நடுவில் வாழ்ந்தவர். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். பத்து நிமிடத்தில் நாலு நிமிடம் அந்த போர்டு செவிடாக இருந்திருக்கிறது. அந்த நாலு நிமிடத்தில் அக்கா எத்தனை அழுத்தினாலும் அது போன இடம் தெரியாது. விடாமல் அழுத்திப் பிடித்திருந்தால் கடைசியிலாவது அகப்பட்டிருக்கும், அந்த விரலுக்கு அவ்வளவு தெம்பு இல்லை. தான் சோதித்துப் பார்த்த மூன்று தடவையும் ஓய்வு நேரத்தில் அமைந்தது அதிர்ஷ்டமா, சாபமா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. பிறகுதான் வாசலில் நின்று நர்ஸிடம் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்திருக்கிறது. எழுந்தவர் லேப்டாப்பை எடுத்துக்கொள்ளவில்லை. லீவும் சொல்லவில்லை.

அன்று டீச்சருக்குப் படித்துக் காட்ட நான் மேலே போயிருந்தேன். அதனால் நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். லிஃப்ட்காரர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அக்காவின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டார்.

"அக்கா, உன் விரல் நல்லாத்தான் இருந்திருக்கு. நீ அழுத்தினது எல்லாம் சரி. நான் எழுதினதுலதான் தப்பு. பம்ப் ஓடும்போது அது உன்னக் கவனிக்கல. நான் விரலச் சொல்லிட்டேன்."

டீச்சர் அவரையே பார்த்தார். பிறகு கண் அட்டையைத் தேடியது. நர்ஸ் அட்டையை எடுத்தார். எழுத்து எழுத்தாகச் சேர்ந்து வந்தது.

"விரல் போகலயா."

"போகல அக்கா."

டீச்சர் கண்ணை மூடினார். மூடியே வைத்திருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நினைக்கிற அளவுக்கு நேரம் ஆனது. இமையோரத்தில் நீர் திரண்டு காதுப் பக்கம் வழிந்தது. நர்ஸ் துடைத்துவிட்டார். கண் திறந்ததும் மறுபடி அட்டை.

"எத்தனை நாள்."

லிஃப்ட்காரர் விரல் விட்டு எண்ணினார். நான் அந்தப் பக்கம் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தேன். முப்பத்தெட்டு நாள் என்றார். இந்த முறை வார்த்தை சேர நிறைய நேரம் பிடித்தது. நர்ஸ் பாதியிலேயே புரிந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்து, வாயைப் பொத்திக்கொண்டார்.

"உன் லைசென்ஸ் ரத்து."

தம்பி கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதார். டீச்சரால் கையை நீட்டி அவர் தலையில் வைக்க முடியவில்லை. நான் டீச்சரின் கையை எடுத்து அங்கே வைத்தேன்.

அன்று சாயங்காலம் இன்ஜினியர் அம்மாவே லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்து, எப்படி எழுத வேண்டும் என்று சமையலறை மேஜையில் உட்கார்ந்து விளக்கினார். டிலே என்ற சொல்லே புரோகிராமில் இருக்கக் கூடாது. போர்டுக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் அது கடைசியாக நடந்த நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். போர்டு எங்கேயும் நிற்காமல் சுற்றிச் சுற்றி வந்து, மெத்தையே உன் நேரம் வந்துவிட்டதா, விளக்கே உன் நேரம் வந்துவிட்டதா, மருந்தே உன்னுடையது வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். வந்திருந்தால் செய்துவிட்டு நகரும், இல்லையென்றால் அப்படியே நகரும். ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான சுற்று. ஸ்விட்சை ஒவ்வொரு சுற்றிலும் பார்க்கும். இன்னொன்றும் சொன்னார். ஏறக்குறைய ஐம்பது நாளில் அந்தக் கடிகார எண்ணிக்கை நிரம்பிப் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். இப்போதைய நேரத்திலிருந்து பழைய நேரத்தைக் கழித்துப் பார்க்கிற மாதிரி எழுதினால் அன்றைக்கும் தடுமாறாது. லிஃப்ட்காரர் அதைக் காகிதத்தில் எழுதி, இரண்டு கோடு போட்டுக்கொண்டார்.

இரண்டரை நாளில் முடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னையும் கூப்பிட்டார். பம்ப் ஓடும்போது அழுத்தினார், அடித்தது. விளக்கு எரியும்போது, மருந்து மணியும் ஒலிக்கும்போது, எல்லாம் ஒன்றாக நடக்கும்போது அழுத்தினார், அடித்தது. ஒன்று மற்றொன்றின் காலை மிதிக்கவே இல்லை. பிறகு ஸ்விட்சை அக்காவின் விரலுக்கு அடியில் வைத்தார்.

"அழுத்து அக்கா."

டீச்சர் விரலைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். நெற்றியில் நரம்பு புடைத்தது. விரல் இருந்த இடத்திலேயே இருந்தது. தம்பி ஸ்விட்சைக் கொஞ்சம் மேலே தள்ளி வைத்தார். விரலின் கீழ் ஒரு துணியை மடித்து வைத்தார். பால்கனிக்குப் போய் வயரைப் பார்த்துவிட்டு வந்தார். அதில் ஒன்றுமில்லை என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கடைசியில் டீச்சர்தான் அட்டையைக் கேட்டார்.

"போதும்டா. சாப்பிடு போ."

அந்த வாரங்களில் விரல் எப்படியும் போயிருக்கும், பயன்படுத்தியிருந்தாலும் போயிருக்கும் என்று டாக்டர் தம்பியிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஆனால் அந்த விரலுக்கு இருந்த கடைசி முப்பத்தெட்டு நாளும் அது வேலையில்லாமல் கிடந்தது.

டீச்சரின் வலது கன்னம் இன்னும் அசைந்தது. பத்து நாளில் தம்பி கன்னத்தில் ஒட்டிக்கொள்கிற ஒரு தொடு பட்டையைச் செய்து போர்டில் சேர்த்தார். அது வேலை செய்தது. அதற்குப் பிறகு ஐந்து மாதம் அந்த மணிக்கு ஓய்வே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முப்பத்திநாலு தடவை அடித்தது. முப்பத்திநாலு தடவையும் அவர் செய்துகொண்டிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருமுறை என்ன வேண்டும் என்று கேட்டதற்கு டீச்சர் அட்டையில் சொன்னது ஒரே சொல்: சும்மா. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சும்மா உட்கார்ந்தார்.

டீச்சர் இறந்தது ஒரு புதன்கிழமை மதியம், மூச்சு முட்டி. நர்ஸ் பக்கத்தில் இருந்தார். நான் ஓடி மேலே போனபோது எல்லாம் முடிந்திருந்தது. லிஃப்ட்காரர் ஒரு அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் ஓடும் குழிக்கு மேலே வேலையில் இருந்தார். அங்கே போனைக் கையில் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. கீழே இறங்கி வந்து தன் கருவிப் பெட்டியைத் திறந்தபோதுதான் எங்கள் அழைப்புகளைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து அக்காவின் கன்னத்திலிருந்து அந்தப் பட்டையை மெதுவாக, தோல் இழுபடாமல் எடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து நர்ஸ் வந்தார். புதிதாக அவர் போகிற வீட்டில், சாரத்திலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போன ஒரு பெயிண்டர் இருந்தார். முப்பது வயது. மெத்தையும் பெட்டியும் கன்னப் பட்டையும் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். லிஃப்ட்காரர் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய் மாட்டினார். பெயிண்டரின் மனைவி வைத்த டீ ஆறிப்போக, ஒன்றரை மணி நேரம் ஒவ்வொரு நிமிடமும் அந்த ஆளை அழுத்தச் சொல்லிச் சோதித்தாராம். போதும் அண்ணே, கன்னம் வலிக்குது என்று அவர் சொல்லும் வரை விடவில்லை என்று நர்ஸ் பிறகு என்னிடம் சொன்னார்.

அன்று லிஃப்ட்காரர் திரும்பி வரும்போது எங்கள் வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கையில் காலிப் பை இருந்தது.

"அக்கா போனதுக்கு அழுதாச்சும்மா. அது எப்படியும் வரப்போறதுதான், டாக்டர் மொதல்லயே சொல்லிட்டார். ஆனா அந்த முப்பத்தெட்டு நாள் அவ கூப்பிட நெனச்சு, தன்னால ஆகாதுன்னு படுத்துக் கிடந்தா பாருங்க. நான் அடுத்த ரூம்லதான் இருந்தேன். நிம்மதியா இருக்கான்னு உங்ககிட்ட சொன்னேன்."

தெரியாமல் நடந்தது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் தலையாட்டினார், ஒப்புக்கொண்ட மாதிரி இல்லை. அதற்குள் அவர் போன் அடித்தது. எதிர்த்தெரு ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் லிஃப்டில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பையை என் கையில் கொடுத்துவிட்டு, படியில் இரண்டு இரண்டாக இறங்கிப் போனார்.